‘போதும்’ என்று சொன்னது யார்?

குழந்தை ஓவியர்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலான கடிதங்கள் வேறு வேறு சொற்களில் ஒன்றையே கேட்கின்றன: படத்தை யார் வரைந்தது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

அமெரிக்காவில் 4 வயதுச் சிறுமி வரைந்த படங்கள் பெரும் விலைக்கு விற்றதாகவும், பிறகு அப்பாதான் வரைந்தார் என்று பேச்சு கிளம்பியதாகவும் படித்தேன். உண்மை என்ன? – வாசகர், திருப்பூர்

அந்தச் சிறுமி மார்லா ஓம்ஸ்டெட். ஊர், நியூயார்க் மாநிலத்தில் உள்ள பிங்ஹாம்டன். படங்கள் முதலில் ஒரு காபிக் கடைச் சுவரில் மாட்டப்பட்டன. 2004ல் அவளுக்கு 4 வயதாக இருந்தபோது, அதே ஊர் ஓவியர் ஆன்டனி புரூனெல்லி தன் கேலரியில் கண்காட்சி வைத்தார். உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது, அடுத்து நியூயார்க் டைம்ஸ் எழுதியது, படங்கள் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயின.

2005 பிப்ரவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. பெற்றோரின் சம்மதத்தோடு வீட்டில் ஒரு கேமராவை மறைத்துவைத்து, அவள் வரைவதைப் பதிவு செய்திருந்தார்கள். பாஸ்டன் கல்லூரி உளவியலாளர் எல்லன் வின்னர் அந்தப் பதிவைப் பார்த்தார். மற்றக் குழந்தைகள் வரைவதிலிருந்து வேறுபட்ட எதையும் அதில் காணவில்லை என்றார். பதிவில் அப்பா யோசனை சொல்லும் குரலும் கேட்டது. அங்கே உருவான படம் ஏற்கெனவே விற்ற படங்களின் தரத்தில் இல்லை என்பதுதான் சந்தேகத்தின் மையம். விற்பனை படுத்துவிட்டது. பெற்றோர் இன்னொரு படத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தாங்களே பதிவு செய்து வெளியிட்டார்கள். 2007ல் அமீர் பார்-லெவ் எடுத்த ஆவணப்படமும் சந்தேகம் தீராமலேயே முடிந்தது.

அப்பா வரைந்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. பெற்றோர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. பதிவு நடக்கும் சூழலில் குழந்தை வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்ற அவர்கள் வாதத்தைத் தள்ளிவிடவும் முடியாது. ஆகவே ‘மோசடி’ என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள், ‘மேதை’ என்று எழுதுபவர்களையும்தான்.

எங்கள் பார்வையில் அன்று எல்லோரும் தவறான கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். பிரஷைப் பிடித்தது யார் என்பது பாதிக் கேள்விதான். மீதிப் பாதி, ‘போதும்’ என்று சொன்னது யார்?

4 வயதுக் குழந்தையிடம் அக்ரிலிக் வண்ணங்களையும் ஒரு கான்வாஸையும் கொடுத்துப் பாருங்கள். முதலில் மஞ்சள் விழும், பக்கத்தில் சிவப்பு. இரண்டும் சேரும் இடம் பளிச்சென்று ஆரஞ்சாகும். அந்த நிமிடத்தில் படம் அழகாக இருக்கும். குழந்தை நிறுத்தாது. நீலத்தை எடுத்து அதே ஆரஞ்சின் மேல் தேய்க்கும், அது பழுப்பாகும். பழுப்பின் மேல் பச்சை. கால் மணி நேரத்தில் நடுப்பகுதி முழுக்கச் சேற்று நிறம். மெல்லிய அக்ரிலிக் பூச்சு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய 20 முதல் 30 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் காத்திருக்கும் குழந்தை அபூர்வம். ஆரஞ்சாக இருந்தபோதே ஒரு பெரியவர் கான்வாஸை எடுத்துக்கொண்டுபோய், மறுநாள் காய்ந்த பிறகு வேறு இரண்டு வண்ணங்களோடு திருப்பிக் கொடுத்தால்? ஒவ்வொரு தீற்றலும் குழந்தையுடையது. படம் அப்படி நின்றது மட்டும் பெரியவரின் முடிவு.

அடுக்கடுக்காக, ஒன்றோடொன்று கலங்காமல், ஓரம் சுத்தமாக இருக்கும் ஒரு குழந்தைப் படத்தைப் பார்த்தால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: காயும் நேரத்தை யாரோ ஒருவர் கணக்கிட்டிருக்கிறார். அவரே வரைந்தார் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. கான்வாஸுக்கு முதல் பூச்சு அடித்தது யார், எந்த நான்கு வண்ணங்களைத் தட்டில் வைப்பது என்று தீர்மானித்தது யார், எது மேல் எது கீழ் என்று திருப்பி மாட்டியது யார், தலைப்பு வைத்தது யார்? இந்தப் பட்டியலை வெளிப்படையாகச் சொல்லி விற்றால் அதில் ஒரு குற்றமும் இல்லை. ‘குழந்தை தனியாகவே செய்தது’ என்று சொல்லி விற்பதில்தான் வழுக்கல் தொடங்குகிறது.

ஆய்வகத்தில் கொடுத்தால் அப்பா வரைந்ததா, பிள்ளை வரைந்ததா என்று கண்டுபிடிக்க முடியாதா? – வாசகர், மதுரை

முடியாது. ஆய்வகம் சொல்வது பொருளின் வயதை, கையின் வயதை அல்ல. ஒரே வாரத்தில், ஒரே டியூபிலிருந்து, ஒரே கான்வாஸில் இருவர் பூசினால் எந்தக் கருவிக்கும் வித்தியாசம் தெரியாது. பழைய ஓவியர் பெயரில் வரும் போலிகளைப் பிடிப்பதற்குத்தான் அந்தக் கருவிகள் பயன்படுகின்றன.

எப்படிப் பிடிக்கிறார்கள் என்றால், வண்ணப்பொடிகளுக்குப் பிறந்த தேதி உண்டு. டைட்டானியம் வெள்ளை ஓவியர்கள் கைக்கு வந்தது 1920ஐ ஒட்டி. தாலோ நீலம் சந்தைக்கு வந்தது 1935ல். அதற்கு முந்தைய தேதியிட்ட படத்தில் இவை அடியடுக்கிலேயே இருந்தால் கதை முடிந்தது. ஜெர்மனியின் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி அப்படித்தான் மாட்டினார். ஜெர்மன் ஓவியர் ஹைன்ரிஷ் கம்பன்டோங் 1914ல் வரைந்தது என்று சொல்லப்பட்ட ஒரு படம் 2006ல் கொலோன் நகர ஏலத்தில் 28 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. சோதனையில் டைட்டானியம் வெள்ளை வெளிப்பட்டது. பெல்ட்ராக்கி துத்தநாக வெள்ளை என்று வாங்கிய டியூபில் டைட்டானியமும் கலந்திருந்தது, லேபிளில் அது குறிப்பிடப்படவில்லை. 2011ல் அவருக்கு 6 ஆண்டுச் சிறைத் தண்டனை.

நியூயார்க்கில் 1846 முதல் நடந்துவந்த நோட்லர் கேலரி 2011ல் மூடப்பட்டதும் போலிகளால்தான். 20ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியர்கள் பொல்லாக், ராத்கோ, மதர்வெல் பெயர்களில் சுமார் 8 கோடி டாலருக்குப் படங்கள் விற்றிருந்தன. வரைந்தவர் குவீன்ஸ் பகுதியில் வசித்த ஒரே ஒரு சீன ஓவியர். அந்தப் படங்களுக்குச் சொல்லப்பட்ட காலத்தில் இல்லாத வண்ணப்பொடிகள் சிலவற்றில் அகப்பட்டன. ஒரு ‘பொல்லாக்’ படத்தின் கையெழுத்திலோ ஆங்கில எழுத்து ஒன்றே விடுபட்டிருந்தது. விலையைப் பார்த்த கண்கள் கையெழுத்தைப் படிக்கவில்லை.

கருவிகளுக்கும் எல்லை உண்டு. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி டைட்டானியம், துத்தநாகம், காட்மியம் போன்ற தனிமங்களைக் காட்டும், ஆனால் மேலடுக்கு, கீழடுக்கு எல்லாவற்றையும் சேர்த்தே படிக்கும். பின்னாளில் பழுதுபார்த்த ஒரு சிறு ஒட்டுப்பூச்சைக் கூட அசல் பூச்சு என்று காட்டிவிடும். அதனால் ஒரே இடத்தில் அளந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. கரிம மஞ்சள், கரிமச் சிவப்புகளை அது சரியாகப் பிடிக்காது, அதற்கு ராமன் நிறமாலை (லேசர் ஒளி சிதறுவதைக் கொண்டு பொருளை அறியும் சோதனை) வேண்டும். கார்பன்-14 சோதனையில் 1955க்குப் பிந்தைய பொருள் தனியாகத் தெரியும், அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14ஐ ஏற்றிவிட்டதால். போலி செய்பவர்கள் பழைய கான்வாஸைத் தேடிப்பிடித்து வாங்குவார்கள். துணியை மட்டும் சோதித்தால் ஏமாந்துபோவோம், வண்ணத்தைப் பிணைக்கும் எண்ணெயையும் சோதிக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது புற ஊதா விளக்குச் சோதனை ஒன்றுதான். 1950ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்த வெளுப்பூட்டிகள் கலந்த காகிதம் நீலவெள்ளையாக ஒளிரும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் விளக்கு உதவாது, அதன் ஊதா வெளிச்சமே எல்லாவற்றையும் மூடிவிடும். 365 நானோமீட்டர் விளக்கு கேட்டு வாங்குங்கள். சலவைத்தூளிலும் இதே வெளுப்பூட்டி இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் துடைத்த பழைய கான்வாஸும் பளபளக்கும். அதைப் பார்த்துப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பள்ளி ஓவியப் போட்டிக்கு நடுவராகப் போகிறேன். வீட்டிலிருந்து வரைந்து வரும் படங்களில் பெற்றோர் கை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – ஓவிய ஆசிரியை, தஞ்சாவூர்

சில தடயங்கள் உண்டு. எதுவும் தனியாக நின்று தீர்ப்பாகாது.

3 வயதை ஒட்டித் தலையிலிருந்தே கால் முளைக்கும் மனிதர்கள் வருவார்கள். 6, 7 வயதில் கீழே ஒரு தரைக்கோடு, மேலே ஒரு பட்டையாக வானம், நடுவில் வெற்றிடம். வீட்டுச் சுவர் கண்ணாடி போல் இருக்கும், உள்ளே பாட்டி கட்டிலில் படுத்திருப்பது தெரியும். முக்கியமானவர் பெரியவராக இருப்பார். இவற்றோடு ஒரே படத்தில், ஒரு பொருள் இன்னொன்றை மறைக்கும் இடத்தில் கோடு சரியாக நிற்பதும், நிழல் எல்லாம் ஒரே திசையில் விழுவதும் இருந்தால் இரண்டு கைகள் வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அழுத்தி வரைந்து அழித்த பென்சில் பள்ளம் வண்ணத்துக்கு அடியில் தெரியும். மேலே உள்ள கோடு அந்தப் பள்ளத்தைத் தப்பாமல் தொடர்ந்திருந்தால், யாரோ போட்டுக்கொடுத்த கோட்டின் மேல் குழந்தை ஓட்டியிருக்கலாம்.

பெரிய படமானால் எட்டும் தூரத்தைக் கணக்கிடுங்கள். 4 வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 100 செ.மீ., தோளிலிருந்து கை எட்டுவது சுமார் 40 செ.மீ. தரையில் விரித்த 5 அடிச் சதுரக் கான்வாஸின் நடுப்புள்ளி எந்த ஓரத்திலிருந்தும் சுமார் 76 செ.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே வண்ணம் வைக்கக் குழந்தை கான்வாஸின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும். முழங்கால் தேய்த்த தடமோ உள்ளங்கைத் தடமோ எங்காவது இருக்கும். இன்னொன்று, குழந்தை பிரஷை இழுப்பதை விடக் குத்தித் தள்ளும். மயிர் விரிந்து, உடைந்த ஓரிரு இழைகள் வண்ணத்திலேயே ஒட்டிக் காய்ந்திருக்கும். பெரியவர் அதை நகத்தால் எடுத்துவிடுவார்.

இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, ஒரு தென்னை, ஒரு குடிசை. இந்தப் படம் வந்தால் பெற்றோரைச் சந்தேகிக்க வேண்டாம். அது குழந்தையே மனப்பாடம் செய்தது. கை குழந்தையுடையதுதான், கண் மட்டும் வேறு யாருடையதோ. மதிப்பெண் போடும்போது அதைக் கவனியுங்கள்.

யாரையும் குற்றம் சாட்டும் முன் ஒரு பெயரை நினைவில் வையுங்கள்: நாடியா. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்துச் சிறுமி. ஆட்டிசம் உள்ளவள், பேச்சு மிகக் குறைவு. 3 வயதிலிருந்தே பாய்ந்து வரும் குதிரைகளைப் பால்பாயின்ட் பேனாவால், நம்மை நோக்கி வரும் கோணத்தில், அளவு பிசகாமல் வரைந்தாள். உளவியலாளர் லோர்னா செல்ஃப் நேரில் கவனித்து ஆராய்ந்து 1977ல் அதை நூலாக வெளியிட்டார். மேலே சொன்ன எல்லாத் தடயமும் அவள் படத்தில் ‘பெரியவர் கை’ என்றுதான் சொல்லியிருக்கும்.

ஆகவே சந்தேகம் வந்தால் படத்தோடு வாதாடாதீர்கள். அந்தக் குழந்தையை உட்காரவைத்து, அதே வண்ணங்களையும் அதே அளவுத் தாளையும் கொடுத்து, 40 நிமிடம் விடுங்கள். அதே பொருளை வரையச் சொல்ல வேண்டாம், பதற்றத்தில் கை இறுகிவிடும். பிடித்ததை வரையட்டும். கோட்டின் அழுத்தம், வண்ணம் தொடும் வரிசை, ஓரத்தை என்ன செய்கிறது என்பவற்றை ஒப்பிடுங்கள். முடிந்தால் போட்டியையே பள்ளியில் வைத்து நடத்திவிடுங்கள்.

குரங்கு வரைந்ததையும் விமர்சகர்கள் பாராட்டினார்களாமே. அப்படியானால் நவீன ஓவியமே ஏமாற்றா? – வாசகர், நாகர்கோவில்

நடந்தது உண்மைதான். 1964ல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ‘பியர் பிராசோ’ என்ற பிரெஞ்சு ஓவியர் பெயரில் நான்கு படங்கள் மாட்டப்பட்டன. வரைந்தது பீட்டர் என்ற சிம்பன்ஸி, ஏற்பாடு செய்தது ஒரு பத்திரிகையாளர். ஒரு விமர்சகர் மெச்சி எழுதிவிட்டார். இன்னொருவரோ ‘குரங்குதான் இப்படி வரையும்’ என்றார். இரண்டாமவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இதே எல்லன் வின்னரும் ஏஞ்சலினா ஹாலி-டோலனும் 2011ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அருவ (உருவம் எதையும் காட்டாத) ஓவியர்களின் படங்களுக்குப் பக்கத்தில், தோற்றத்தில் ஒத்த குழந்தை அல்லது விலங்கு வரைந்த படங்களை ஜோடியாக வைத்துக் கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். ஓவியம் படிக்காதவர்களும்கூட, குருட்டாம்போக்கில் கிடைப்பதை விடத் தெளிவாக அதிக முறை, ஓவியரின் படத்தையே சிறந்தது என்றார்கள். பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியபோதும் அந்தச் சாய்வு முற்றாக மறையவில்லை. ஆனால் எப்போதும் சரியாகச் சொல்லவும் இல்லை. ‘என் பிள்ளையும் இதை வரைவானே’ என்பது பல முறை தவறு, சில முறை சரி.

விலங்கியலாளர் டெஸ்மண்ட் மாரிஸ் கவனித்து ஆராய்ந்த காங்கோ என்ற சிம்பன்ஸியின் படங்கள் 1957ல் லண்டனில் காட்சிக்கு வந்தன, அவற்றில் மூன்று 2005ல் 14,400 பவுண்டுக்கு ஏலம் போயின. காங்கோவிடம் நமக்கு முக்கியமானது வேறு. பாதியில் தாளைப் பிடுங்கினால் அவன் ரகளை செய்வான். முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றினால் எவ்வளவு தூண்டினாலும் மேலே கோடு போட மாட்டான். ‘போதும்’ என்பதை அவனே சொன்னான்.

ஒரு சந்தேகமும் இல்லாத குழந்தை மேதை யாராவது உண்டா? – வாசகி, திருச்சி

இருவரைச் சொல்லலாம். சீனாவின் குவாங்ஷி பகுதியில் 1975ல் பிறந்த வாங் யானி 3 வயதில் குரங்குகளை வரையத் தொடங்கினாள். மைத்தூரிகை ஓவியம் திருத்தம் தாங்காது. காகிதம் உறிஞ்சியதும் உறிஞ்சியதுதான், மேலே பூசி மறைக்க வழியில்லை. பார்வையாளர்கள் முன்னிலையில் வரைந்தாள். அவள் அப்பாவும் ஓவியர். தன் பாணி மகளின் கையில் ஒட்டிவிடக் கூடாது என்று தன் எண்ணெய் ஓவியத்தையே விட்டுவிட்டார். இந்தத் துறையில் ஒரு பெற்றோர் செய்த மிகப் பெரிய காரியமாக இதைக் கருதுகிறோம். 1989ல் வாஷிங்டனின் சாக்லர் கேலரி அவளுக்குத் தனிக் கண்காட்சி வைத்தது.

இன்னொருவன் நம் பக்கத்து மாநிலத்தவன். கொச்சியின் எட்மண்ட் தாமஸ் கிளின்ட், 1976ல் பிறந்து, 1983ல் 7 வயது நிரம்பும் முன்பே சிறுநீரக நோயால் இறந்துபோனான். விட்டுச்சென்றவை சுமார் 25,000 படங்கள். யானை, தெய்யம், கோயில் திருவிழா, அந்தி வானம். அந்த எண்ணிக்கையே சாட்சி. சரியாக வந்தது, வராதது, பாதியில் விட்டது எல்லாம் அதில் கிடக்கின்றன. ஒரு கை எப்படி வளர்ந்தது என்பதை நாள் நாளாகப் பார்க்கலாம். பத்து நல்ல படம் மட்டும் காட்டும் மேதையை நம்பத் தயங்குங்கள், குவியலைக் காட்டச் சொல்லுங்கள்.

என் 5 வயது மகள் அருமையாக வண்ணம் தீட்டுகிறாள். உறவினர்கள் இணையத்தில் விற்கச் சொல்கிறார்கள். நாளைக்கு யாரும் சந்தேகப்படாமல் இருக்க வீடியோ எடுப்பது எப்படி? – ஒரு தாய், ஓசூர்

இரண்டு போன் வேண்டும். ஒன்று தாளுக்கு நேர் மேலே, ஒன்றரை முதல் 2 மீட்டர் உயரத்தில். மற்றொன்று அறையின் மூலையில், அருகில் இருக்கும் பெரியவர்களும் அவர்கள் பேச்சும் பதிவாகும்படி. ‘இங்கே கொஞ்சம் நீலம் வைடா கண்ணு’ என்பதும் பதிவாகட்டும், மறைக்க வேண்டியதில்லை. வெற்றுத் தாளின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் காட்டித் தொடங்குங்கள். பின்புறத்தில் தேதி எழுதுவதும் கேமராவில் தெரியட்டும். முடியும்வரை வெட்டு விழக் கூடாது. வேகமாக ஓடும் டைம்லாப்ஸ் சாட்சியாகாது, இடையில் நடந்த எதையும் அது விழுங்கிவிடும். பல நாள் வரைந்த படமானால், முந்தைய நாள் விட்ட நிலையையும் மறுநாள் எடுத்த நிலையையும் புகைப்படமாக வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் எப்போதும் அந்த இரவுக்குள்தான் நுழையும்.

பெரும்பாலும் கெடுவது இவற்றால்: அழைப்பு வந்து பதிவு நின்றுபோவது (விமானப் பயன்முறையில் போடுங்கள்), இடம் தீர்ந்துபோவது (1080 தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 60 முதல் 130 எம்பி, 40 நிமிடத்துக்கு 6 ஜிபி ஒதுக்குங்கள்), குழந்தையின் தலை படத்தை மறைப்பது (மேல் கேமராவைச் சற்று எதிர்ப்புறம் தள்ளுங்கள்). கோப்பை வாட்ஸாப்பில் அனுப்பி அதையே சேமிக்காதீர்கள், அசல் தேதி விவரம் போய்விடும். அசலை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

ஆனால் எல்லாப் படத்தையும் எடுக்காதீர்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு போதும். எப்போதும் லென்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் குழந்தை படத்துக்காக வரையாமல் பாராட்டுக்காக வரையத் தொடங்கும். விற்பதைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறோம்: 5 வயதில் வேண்டாம். மார்லாவின் பிங்ஹாம்டன் வீட்டுக்கு வந்த வசைக் கடிதங்கள் அந்தப் பெற்றோர் பெயருக்கு வந்தவை, அவற்றுக்கு நடுவே வளர்ந்தது அந்தக் குழந்தை.

விற்றால் பணமும் உரிமையும் யாருக்கு? – வாசகர், சென்னை

பதிப்புரிமையின் முதல் சொந்தக்காரர் வரைந்த குழந்தைதான். மைனர் ஒப்பந்தம் போட முடியாது என்பதால் காப்பாளராகப் பெற்றோர் கையெழுத்திடுவார்கள். மைனரின் வருமானம் பொதுவாகப் பெற்றோர் வருமானத்தோடு சேரும், சொந்தத் திறமையால் ஈட்டியதற்கு விதிவிலக்கு உண்டு. குழந்தை பெயரில் பான் எடுத்துத் தனிக் கணக்கில் போடுங்கள். கணக்கு எழுதும் ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மகன் வரைந்த படங்களை லேமினேட் செய்து வைக்கலாமா? – வாசகி, சேலம்

கூடாது. லேமினேஷன் சூட்டில் மெழுகுக் க்ரேயான் உருகிப் பரவும், ஒட்டிய பசையைப் பிறகு பிரிக்கவே முடியாது. பட்டர் பேப்பர் இடையில் வைத்து, மடிக்காமல், தட்டையான அட்டைப் பெட்டியில் அடுக்குங்கள். தடிமனாகப் பூசிய போஸ்டர் கலர் மடித்தாலும் சுருட்டினாலும் செதில் செதிலாக உதிரும், அவற்றை மேலடுக்கில் வையுங்கள். ஸ்கெட்ச் பேனாச் சாயம் வெயிலில் சில மாதங்களிலேயே வெளுக்கும், சுவரில் மாட்டுவதென்றால் நகலை மாட்டுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பின்புறம் தேதியும் வயதும் 2பி பென்சிலால் மெதுவாக எழுதுங்கள், பால்பாயின்ட் முன்பக்கம் வரை பள்ளம் பதிக்கும். சேறாகிப்போன படங்களையும் அதே பெட்டியில் போடுங்கள்.